பாங்காக்கில் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்: கோப்பு இரண்டு, சமையலறை ஒன்று

கேள்வி, 2025 மே 18

நானும் என் வீட்டுக்காரரும் பி.எட். முடித்தவர்கள். நான் ஆங்கிலம், அவர் கணிதம். பாங்காக்கில் ஒரு தனியார் பள்ளி நவம்பர் பருவத்துக்கு எங்கள் இருவரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. இந்தியர்களுக்கு 60 நாள் விசா வேண்டாமே, முதலில் போய் இறங்கிவிட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் இடையில் இருக்கும் ஏஜென்ட். என் வீட்டுக்காரரை என்னைச் சார்ந்தவராகக் காட்டினால் ஒரு செலவு மிச்சம் என்றும் சொல்கிறார். இது சரிதானா? அங்கே இருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள் அண்ணா.

பதில், மே 18, இரவு

இரண்டுமே வேண்டாம்மா.

60 நாள் அனுமதி சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கானது. அதை வைத்துக்கொண்டு வகுப்பறையில் நின்றால் அது சட்டவிரோத வேலை. ஒர்க் பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். வந்த பிறகு அதை நான்-பி விசாவாக, அதாவது வேலைக்கான விசாவாக, மாற்ற வழி இருக்கிறது. ஆனால் கையில் குறைந்தது 15 நாள் தங்கும் அனுமதி மிச்சம் இருக்க வேண்டும், 2,000 பாத் கட்ட வேண்டும், பள்ளியின் தாள்கள் அத்தனையும் அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் நாள் ஓடிவிடும். ஊரிலிருந்தே நான்-பி எடுத்து வாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

வரிசை இதுதான்: பள்ளியின் பணி உறுதிக் கடிதமும் கல்வி அமைச்சகத்துத் தனியார் கல்வி ஆணைய அலுவலகத்தின் கடிதமும் வரும். அவற்றைக் கொண்டு 90 நாள் நான்-பி. இறங்கியதும் மருத்துவச் சான்று, ஆசிரியர் உரிமம் அல்லது தற்காலிக அனுமதி, அதன்பின் ஒர்க் பெர்மிட். ஒர்க் பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான் இமிகிரேஷனில் டிஎம் 7 படிவம் கொடுத்துத் தங்கும் காலத்தை நீட்டிக்க முடியும். அதற்குக் கட்டணம் 1,900 பாத். ஓராண்டு ஒர்க் பெர்மிட்டுக்கு 3,000 பாத், விண்ணப்பத்துக்கு 100 பாத். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இருவர் என்பதால் எல்லாமே இரட்டிப்பு.

சார்ந்தவர் விசா பற்றி: உங்கள் வீட்டுக்காரர் சார்ந்தவருக்கான நான்-ஓ வகையில் வந்தால் வேலை செய்ய முடியாது. அது போக, உங்கள் வேலை நின்ற அன்றே அவருடைய தங்கும் உரிமையும் நின்றுவிடும். இருவரும் வேலைக்குத்தானே வருகிறீர்கள்? இருவருக்கும் தனித்தனி நான்-பி, தனித்தனி கோப்பு. இந்த இழை முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

மே 19

நேற்று விட்டுப்போனது. பட்டச் சான்றிதழுக்கு ‘அட்டெஸ்டேஷன்’ செய்யப் போனால் பல ஏஜென்சிகள் பழக்கத்தில் அப்போஸ்டில் (அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் மட்டும் செல்லும் சான்று) ஒட்டித் தந்துவிடும். தாய்லாந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாத நாடு. அந்த ஒட்டு இங்கே செல்லாது, கட்டிய பணம் வீண். மாநில அரசின் சான்று, வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், அதன்மேல் தாய்லாந்துத் தூதரக முத்திரை என்ற வரிசையில் கேட்டு வாங்குங்கள். பட்டம், பி.எட்., மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. திருமணச் சான்றிதழையும் சேர்த்து இப்போதே முடித்துவிடுங்கள். இன்றைக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், ஒருவர் வேலை மாறும் சமயத்தில் மற்றவரைச் சார்ந்தவராக மாற்ற வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

போலீஸ் சான்றை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக இருவரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மே 19, இரவு

பெயர்ச் சிக்கல். நம்மவர்களுக்கே உரியது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

பட்டத்தில் ‘எஸ். மீனா’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘மீனா சுந்தரம்’ அல்லது வெறும் ‘மீனா’ மட்டும் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கணவன் பெயர் இன்னொரு தாளில் ஒட்டியிருக்கும். தாய்லாந்தில் ஒவ்வொருவருக்கும் பெயரும் குடும்பப் பெயரும் உண்டு, படிவங்களும் அப்படியே. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எழுத்தர் நிறுத்திவிடுவார். ஊரிலேயே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் மற்றத் தாள்களோடு சேர்த்துச் சான்றளித்து வையுங்கள்.

அடுத்தது தாய் எழுத்தில் உங்கள் பெயர். பட்டத்தை மொழிபெயர்ப்பவர் ஒரு மாதிரி எழுதுவார், பள்ளி அலுவலகம் வேறு மாதிரி, வங்கி மூன்றாவது மாதிரி. ஒரு ‘ன’ குறைந்தாலும் அவர்களுக்கு அது வேறு ஆள். வந்த முதல் வாரத்தில் தாய் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அந்தத் தாளை நீட்டுங்கள்.

மே 21

ஒரே பள்ளியில் இருவரும் சேரலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடாது என்பது என் கருத்து. இங்கே தங்கும் அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்த நாளே அனுமதியும் முடிகிறது. இமிகிரேஷனில் போய் 1,900 பாத் கட்டினால் 7 நாள் தருவார்கள், அவ்வளவே. ஒரே பள்ளி என்றால் ஒரே மார்ச் 31-ல் இருவருக்கும் சம்பளமும் அனுமதியும் சேர்ந்து நின்றுபோகும். வேறு வேறு பள்ளி என்றால் ஒருவர் நிற்கும்போது மற்றவர் தாங்குவார்.

மே 22

மருத்துவச் சான்று: தெருமுனைக் கிளினிக்கிலேயே வாங்கலாம். ஆனால் ‘உடல்நலம் நன்று’ என்று பொதுவாக எழுதிய தாள் போதாது. தொழுநோய், காசநோய், யானைக்கால், முற்றிய சிஃபிலிஸ், போதைப் பழக்கம், குடிப்பழக்கம் எதுவும் இல்லை என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ‘ஒர்க் பெர்மிட்டுக்கு’ என்று சொல்லிக் கேளுங்கள், அதற்கென்று படிவம் வைத்திருப்பார்கள்.

புகைப்படம் இரண்டு அளவு: ஒர்க் பெர்மிட்டுக்கு 3×4 செ.மீ., இமிகிரேஷனுக்கு 4×6 செ.மீ. வெள்ளைப் பின்னணி, பள்ளிக்குப் போகும் உடை. ஆளுக்கு ஒரு டஜன் எடுத்து வையுங்கள். நகல் எடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்து. கணவன் கையெழுத்தை மனைவி போடுவது, மனைவி கையெழுத்தைக் கணவன் போடுவது வேண்டவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

மே 25

ஆசிரியர் உரிமம் தரும் அமைப்பின் பெயர் குருசபா. நம் ‘குரு’வும் ‘சபை’யும்தான். ஆசிரியருக்கு அவர்கள் சொல்லும் ‘க்ரூ’வும் அதே சொல்.

பி.எட். இருப்பதால் உங்கள் இருவர் நிலையும் நல்ல நிலை. பி.எட். இல்லாதவர்களுக்குப் பள்ளி தற்காலிக அனுமதி வாங்கித் தரும், வழக்கமாக 2 ஆண்டுக்கு. அந்த அனுமதி பள்ளியோடு ஒட்டியது. பள்ளி மாறினால் புதிய பள்ளி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதையும் ஓர் அளவுக்கு மேல் தர மாட்டார்கள். 5 ஆண்டு உரிமம் உங்களோடு ஒட்டியது, எந்தப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். ‘இப்போதைக்குத் தற்காலிகம் போதும்’ என்று பள்ளி சொன்னாலும் முழு உரிமத்துக்கான வேலையை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 அல்லது அதற்கு ஈடான வேறு தேர்வு கேட்பார்கள். கணிதம் எடுத்தாலும் ஆங்கிலத்தில் எடுப்பதாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரரும் எழுதிவிடுவது நல்லது.

ஜூன் 2

வீடு. ஓன் நுட், உதோம் சுக், பாங் நா பக்கம் ஒரு படுக்கையறை 10,000 முதல் 15,000 பாத்துக்குள் கிடைக்கும். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. 12,000 வாடகை என்றால் சாவி வாங்கும் அன்று 36,000 எடுத்து வைக்க வேண்டும். முதல் சம்பளம் வருவதற்கு முன் இது போய்விடும் என்பதை மனதில் வையுங்கள்.

வாடகையைக் கேட்கும் முன் கரண்ட் யூனிட் விலையைக் கேளுங்கள். காண்டோவாக (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடி) இருந்தால் மின்வாரிய பில் நேரே வரும், யூனிட் சுமார் 4 பாத். ஒரே முதலாளி நடத்தும் அபார்ட்மெண்டில் 7, 8 பாத் போடுவார்கள். 12,000 பிடியூ (ஒரு டன்) ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு 8 மணி நேரம், மாதம் 240 யூனிட். காண்டோவில் 960 பாத், 8 பாத் போடும் அபார்ட்மெண்டில் 1,920. வாடகையில் 1,000 குறைத்துக் கொடுத்தது எங்கே போகிறது என்று இதில் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 (வெளிநாட்டவர் தங்குவதை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்கும் படிவம்) பதிய வேண்டும், அதுவும் இருவருக்கும் தனித்தனியாக. ஒருவர் பெயரை மட்டும் பதிந்துவிட்டு ‘குடும்பம்தானே’ என்பார்கள். அந்த ரசீது இல்லாமல் நீட்டிப்பு நகராது. சாவி வாங்கும் முன்பே ‘டிஎம் 30 போட்டுத் தருவீர்களா’ என்று கேளுங்கள். தயங்குகிற வீட்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும்.

ஜூன் 8

ஒரே பள்ளி கூடாது என்று மே 21-ல் எழுதியதை மறுபடி யோசித்தேன். அதைத் திருத்த வேண்டும்.

பாங்காக்கின் தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிகளில் 7.30-க்கு விரல் ரேகை வைக்க வேண்டும், 8 மணிக்குக் கொடியேற்றம். ஒருவருக்குப் பள்ளி பாங் நாவில், மற்றவருக்கு ஆற்றின் மறுகரையில் தோன்புரியில் என்றால் வீடு யாருக்கும் வசதியாக அமையாது. விடியுமுன் ஒருவர் கிளம்ப வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் முன்பே. அந்தக் களைப்பு ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும். இருவரின் அரசுத் தாள்களையும் ஒரே பள்ளி அலுவலகம் பார்ப்பதும் ஒரு வசதிதான்.

ஆகவே ஆபத்து ஒரே பள்ளியில் இல்லை, ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. இங்கே பல ஒப்பந்தங்கள் 10 அல்லது 11 மாதம்தான். பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நடுவில் அக்டோபர் விடுமுறை. ஏப்ரலில் சம்பளம் இல்லை என்று சிறு எழுத்தில் இருக்கும். அது ஒருவருக்கு என்றால் சமாளிக்கலாம். இருவருக்கும் என்றால் வாடகை, கரண்ட், ஊருக்கு விமான டிக்கெட் எல்லாம் சேமிப்பிலிருந்து போகும், சொங்க்ரான் (தாய் புத்தாண்டு) நேரத்தில் டிக்கெட் விலையும் ஏறியிருக்கும். ஒரே பள்ளிதான் என்றால், ஒருவருக்காவது 12 மாத ஒப்பந்தம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஜூன் 12

இது பணத்தைப் பற்றியது இல்லை. ஜூனில் வரும் வாய் க்ரூ நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் நவம்பரில் சேர்வதால் அடுத்த ஆண்டு பார்ப்பீர்கள்.

ஆசிரியரை வணங்கும் நாள். பெரும்பாலும் வியாழக்கிழமை வைப்பார்கள். தாய் மொழியில் வியாழனுக்குப் பெயரே பிரகஸ்பதி நாள், நமக்கும் அது குரு வாரம். மாணவர்கள் மண்டியிட்டு நகர்ந்து வந்து, அடியில் பீடம் உள்ள தட்டில் செய்த பூவேலைப்பாட்டை நீட்டுவார்கள். உற்றுப் பாருங்கள்: அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. அருகம்புல் படர்வதுபோல் அறிவு படர வேண்டும். இட்லிப்பூ மொட்டின் கூர்மை புத்திக்கு. கத்தரிப்பூ தலை கவிழ்ந்திருப்பது பணிவு. பொரி சட்டிக்குள் அடங்கி நின்றால்தான் பொரியும், அது ஒழுக்கம். நம் ஊர்ப் பிள்ளையாருக்குப் போகிற அருகம்புல் அங்கே வாத்தியாருக்கு வருகிறது.

செய்ய வேண்டியது: நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், தட்டை இரு கையால் வாங்குங்கள், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள், பக்கத்தில் மெதுவாக வையுங்கள். பாசத்தில் தலையைத் தடவ வேண்டாம், இந்த ஊரில் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. கால் நீட்டி உட்காரவும் வேண்டாம்.

ஜூன் 20

தேதிகள். இதில்தான் தம்பதிகள் தவறுகிறார்கள்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும், டிஎம் 47. கட்டணம் இல்லை. 15 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம், கெடு தாண்டி 7 நாள் வரை அலுவலகத்தில் ஏற்பார்கள், அதற்கு மேல் 2,000 பாத் அபராதம். இந்த 90 நாள் கடைசியாக நாட்டுக்குள் வந்த தேதியிலிருந்து எண்ணப்படும். இருவரும் ஒன்றாக வந்தால் ஒரே தேதி. நடுவில் ஒருவர் மட்டும் ஊருக்குப் போய் வந்தால் அவருடைய எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், மற்றவருடையது பழையபடியே ஓடும். ‘போன தடவை சேர்ந்துதானே கொடுத்தோம்’ என்று இருந்தால் ஒருவருக்கு அபராதம் நிச்சயம். காலண்டரில் இருவருக்கும் வேறு வேறு நிறம் போடுங்கள்.

நாட்டை விட்டுப் போகுமுன் ரீ-என்ட்ரி, அதாவது திரும்பி வருவதற்கான அனுமதி, எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800. இது இல்லாமல் விமானம் ஏறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து நான்-பி. ஊரில் திடீரென்று ஒரு சாவு, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டும் என்றால் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே, புறப்பாட்டுப் பகுதியில் எடுக்கலாம். கையில் ரொக்கமும் ஒரு புகைப்படமும் இருக்கட்டும்.

அரசுத் தாள்களில் ஆண்டு புத்த ஆண்டு. 2568 என்றால் 543 கழித்து 2025. ஒப்பந்த முடிவுத் தேதியை இப்படிக் கழித்து ஒருமுறை சரிபாருங்கள்.

ஜூலை 6

வரி கேட்டிருந்தீர்கள். கணவன் மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்யலாம், மார்ச் முடிவதற்குள். மாதம் 40,000 என்றால் ஆண்டுக்கு 4,80,000. செலவுக் கழிவு 1,00,000, தனிநபர் கழிவு 60,000. மிச்சம் 3,20,000. முதல் 1,50,000-க்கு வரி இல்லை, அடுத்த 1,50,000-க்கு 5 சதவீதம், 7,500. மீதி 20,000-க்கு 10 சதவீதம், 2,000. மொத்தம் 9,500 பாத். பள்ளி பிடித்த தொகை இதைவிட அதிகமாக இருந்தால் திரும்பக் கிடைக்கும், அதற்காகவாவது தாக்கல் செய்யுங்கள். பாதி ஆண்டு வேலை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் திரும்ப வரும்.

ஜூலை 19

சமையல் பற்றித்தான் அதிகக் கேள்வி.

காண்டோக்களில் பெரும்பாலும் காஸ் அடுப்புக்கு அனுமதி இல்லை. மின் அடுப்பு அல்லது இண்டக்ஷன். ஆகவே அலுமினியக் குக்கரைத் தூக்கி வராதீர்கள், இண்டக்ஷன் அடி உள்ள ஸ்டீல் குக்கர் கொண்டுவாருங்கள். மின்சாரம் கிட்டத்தட்ட நம்மூர் மாதிரியே, மிக்ஸி ஓடும். ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள். புகைபோக்கி மாதிரி இருக்கும் கருவி பல வீடுகளில் காற்றை வடிகட்டி மறுபடி உள்ளேதான் விடும். மிளகாய் நெடி படுக்கையறை வரை போகும்.

பருப்பு, மசாலா எல்லாம் பாஹுரத் சந்தையில். கறிவேப்பிலையும் அங்கேதான் தேட வேண்டும். சிலோமில் பான் சாலை முனையில் இருக்கும் மாரியம்மன் கோயில் தமிழர்கள் கட்டியது, தாய் மக்களும் சீனர்களும் மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் சாறும் சிப்பிச் சாறும் ஊற்றித்தான் தருவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, அவர்களுக்கு அது உப்பு மாதிரி. ‘மை ஸை நாம் ப்லா’ என்றால் மீன் சாறு வேண்டாம். பப்பாளிச் சாலடில் காய்ந்த இறால் இருக்கும், ‘மை ஸை குங் ஹேங்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ போட்ட கடை முழுச் சைவம், அங்கே பூண்டு வெங்காயமும் கிடையாது.

ஆகஸ்ட் 3

மதிப்பெண். உங்கள் வீட்டுக்காரர் கணிதம் என்பதால் இது அவருக்கு. 80-லிருந்து 4, 75-க்கு 3.5, 70-க்கு 3 என்று ஐந்தைந்தாக இறங்கி 50-க்கு 1. அதற்குக் கீழே 0. வேலை முடிக்காதவர்களுக்கு ‘ரோ’, 80 சதவீத வருகை இல்லாதவர்களுக்கு ‘மோ சோ’. இவை எதுவும் முடிவு இல்லை. மாணவன் திரும்ப வந்து சரிசெய்துகொள்ள உரிமை உண்டு, அதற்குத் தாள் தயாரிப்பது ஆசிரியர் பொறுப்பு. பருவக் கடைசியில் முப்பது பேர் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். பருவ நடுவிலேயே சிறு சிறு தேர்வுகளை மறுபடி எழுத விட்டுவிட்டால் அந்தக் கூட்டம் வராது. ஒருவனும் 0 வாங்காமல் முடிக்க வேண்டும் என்று பள்ளி எதிர்பார்ப்பதை வந்த அன்றே தெரிந்துகொள்வது நல்லது, மனம் நோகாது.

அக்டோபர் 9

விசா இருவருக்கும் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். கடைசியாக ஒன்று: 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள். அது இலவசம், பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். இருவருக்கும் இரண்டு அட்டை. வீடு பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றால் முகவரியில் கட்டடப் பெயரோடு மாடியும் அறை எண்ணும் எழுதுங்கள், டிஎம் 30-ல் வீட்டு உரிமையாளர் எழுதப்போகிற அதே எண்.